பயணத்தடைக் காலத்து வழக்கும் இப்போது வந்து நிற்கும் பிடியாணையும்

கேள்வி:

நான் திருகோணமலை பாலையூற்றைச் சேர்ந்தவன், வயது 31. 2021 ஜூன் மாதம் கொரோனாவுக்காகப் பயணத்தடை போட்டிருந்த நேரம் அம்மாவின் பிரஷர் குளிசையும் சீனி வருத்தக் குளிசையும் முடிந்துவிட்டன. கிளினிக் மருந்து தபாலில் வரும் என்றார்கள், வரவில்லை. மோட்டார் சைக்கிளில் டவுன் பார்மசிக்குப் புறப்பட்டேன். வழியில் ஒரு சந்தியில் பொலிஸார் மறித்தார்கள். கிளினிக் கொப்பியைக் காட்டியும் கேட்கவில்லை. நிலையத்துக்குக் கொண்டுபோய், சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு தவணைத் திகதி எழுதிய துண்டைத் தந்து விட்டுவிட்டார்கள். தவணைக்கு முன்னர் அம்மாவுக்குத் தொற்று உறுதியாகி, வீட்டோடு எங்கள் எல்லாரையும் தனிமைப்படுத்தினார்கள். நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இப்போது கட்டாருக்கு வேலை சரிவந்து பொலிஸ் ரிப்போட் எடுக்கப் போனால், பிடியாணை இருக்கிறதாம். என்ன செய்வது? கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் முடிந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொரு கேள்வியும் உண்டு. என் மச்சானின் தேநீர்க் கடையை அந்தக் காலத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வாய்ப்பேச்சாகவே 14 நாள் மூட வைத்தார். இனி ஒரு தொற்று வந்தால், இப்படி வாயால் சொல்வதற்கெல்லாம் நாங்கள் சட்டப்படி கட்டுப்பட வேண்டுமா?

பதில்:

தம்பி, முதலில் பிடியாணையைப் பார்ப்போம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிடியாணை என்றதும் பயந்து ஒளிய வேண்டாம். பொலிஸார் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நீங்களாகவே ஒரு சட்டத்தரணியுடன் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் ஆஜராகுங்கள். தானாக வந்து நிற்பவரை நீதிமன்றம் பார்க்கும் விதம் வேறு, பிடித்துக்கொண்டு வரப்பட்டவரைப் பார்க்கும் விதம் வேறு. “காசு தந்தால் பிடியாணையை வெட்டித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிடியாணையை மீளப்பெறும் அதிகாரம் நீதவானுக்கு மட்டும்தான் இருக்கிறது, அதையும் அவர் திறந்த நீதிமன்றத்தில்தான் செய்வார்.

நடைமுறை சிக்கலானது இல்லை. அந்தத் துண்டில் வழக்கு இலக்கம் இருக்கலாம். துண்டு தொலைந்திருந்தால், உங்கள் பெயர், பிடிபட்ட திகதி, எந்தப் பொலிஸ் நிலையம் என்ற மூன்றையும் வைத்து நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் சட்டத்தரணி தேடி எடுப்பார். பிறகு ஒரு நகர்த்தல் மனு போட்டு வழக்கைக் கூப்பிடச் செய்வார். நீங்கள் கூண்டில் ஏறி நிற்க வேண்டும், ஏன் வரவில்லை என்பதைச் சட்டத்தரணி சொல்வார், நீதவான் திருப்திப்பட்டால் பிடியாணையை மீளப்பெற்று உங்களைப் பிணையில் விடுவார். பிணையாளியாக நிற்க வீட்டில் ஒருவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் தன் அடையாள அட்டையும் கிராம உத்தியோகத்தரிடம் எடுத்த வதிவிடச் சான்றும் கொண்டு வரட்டும். இந்த ஒரு கடதாசி இல்லாமல் பின்னேரம்வரை கோர்ட் வளவுக்குள் அலைந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏன் தவணைக்கு வரவில்லை என்பதற்கு உங்களிடம் இருப்பது நல்ல காரணம். ஆனால் வாயால் சொன்னால் போதாது. தனிமைப்படுத்தல் முடிந்தபோது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்து ஒரு சான்றிதழ் தந்திருப்பார்கள். அம்மாவின் பரிசோதனை அறிக்கையும் இருக்கும். வீட்டில் தேடுங்கள். கிடைக்காவிட்டால், அந்தப் பணிமனைக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுங்கள்: இன்ன முகவரி, இன்ன மாதம், எங்கள் வீடு தனிமைப்படுத்தப்பட்ட பதிவின் பிரதி வேண்டும் என்று எழுதினால் போதும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்து உங்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

அரசு தனிமைப்படுத்தியதால்தான் நீங்கள் அரசின் நீதிமன்றத்துக்கு வர முடியாமல் போனது. இதை உங்கள் சட்டத்தரணி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நீங்கள் தவணைக்கு வந்திருந்தால் அதுவே தனிமைப்படுத்தல் விதியை மீறிய இன்னொரு குற்றமாகியிருக்கும். கொரோனா காரணமாகச் சட்டம் குறித்த காலத்துக்குள் ஒன்றைச் செய்ய முடியாமல் போனவர்களுக்காக 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தைப் பாராளுமன்றம் கொண்டுவந்தது, 2020 மார்ச்சில் இருந்து செல்லுபடியாகும் விதத்தில். அது பெரும்பாலும் காலக்கெடுக்களைப் பற்றிய சட்டம். உங்கள் பிடியாணைக்கு அது தேவைப்படாது, நீதவானின் வழமையான அதிகாரமே போதும். ஆனாலும் அந்த இடர்ப்பாட்டைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று காட்ட அதைச் சொல்லலாம்.

சரி, இனி நீங்கள் கேட்ட முக்கியமான விசயம். குற்றத்தை ஒப்புக்கொண்டு காசைக் கட்டிவிட்டு வரலாமா?

அவசரப்பட வேண்டாம் என்பதே என் பதில். அந்த இரண்டு வருடங்களில் நீதிமன்றங்களுக்கு இந்த வழக்குகள் கூட்டமாக வந்தன. 2020 மார்ச் 20ஆம் திகதி தொடங்கிய முதலாவது ஊரடங்கில் மட்டும், மே முடிவதற்குள் 60,000 பேருக்கு மேல் கைதானதாகப் பொலிஸ் தரப்பே சொன்னது. அவர்களில் நாட்கூலிக்காரர், மீனவர், மரக்கறி விற்றவர்கள் பலர். பெயர் கூப்பிட்டதும் ஏறி நின்று, என்ன குற்றச்சாட்டு என்று கேட்காமலே “குற்றவாளி” என்று சொல்லிவிட்டுத் தண்டப்பணத்தைக் கட்டிப் போனார்கள். ஒரு நாள் கூலியோடு போகட்டும் என்று நினைத்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்புக்கொண்டால் அது குற்றத்தீர்ப்பு. அந்தப் பதிவு பின்னால் வெளிநாட்டு வேலைக்கோ அரச வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது குறுக்கே வரும். தண்டப்பணம் சிறியது என்பதற்காக அந்த ஒரு வார்த்தையையும் சிறிதாக எண்ணக் கூடாது.

ஆகவே முதலில் குற்றச்சாட்டுத் தாளின் பிரதியை எடுத்து, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். இந்தக் காலத்து வழக்குகளில் பொதுவாக இரண்டு சட்டங்களில் ஒன்று இருக்கும். ஒன்று, 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். இதை மீறினால் ஆறு மாதம்வரை சிறை, பத்தாயிரம் ரூபாவரை தண்டம், அல்லது இரண்டும். மற்றது தண்டனைச் சட்டக்கோவையின் 262 முதல் 264 வரையான பிரிவுகள்.

பிரிவு மாறினால், பொலிஸார் நிரூபிக்க வேண்டியதும் மாறும். 262ஆம் பிரிவு என்றால், உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்பக்கூடிய செயல் ஒன்றை நீங்கள் சட்டவிரோதமாகவோ கவனயீனமாகவோ செய்தீர்கள் என்று காட்ட வேண்டும். நோய் அறிகுறி எதுவும் இல்லாமல், முகக்கவசத்தோடு தனியாக மோட்டார் சைக்கிளில் பார்மசிக்குப் போன ஒருவர் நோயைப் பரப்பக்கூடிய செயலைச் செய்தார் என்று எப்படி நிரூபிப்பார்கள்? 264 என்றால், நடைமுறையில் இருந்த தனிமைப்படுத்தல் விதி ஒன்றைத் தெரிந்துகொண்டே மீறியிருக்க வேண்டும். 1897ஆம் ஆண்டுச் சட்டம் என்றால், அதன் கீழ் அமைச்சர் ஆக்கி வர்த்தமானியில் வந்த எந்த ஒழுங்குவிதியை மீறினீர்கள் என்று குற்றச்சாட்டு சொல்ல வேண்டும். “பயணத்தடையை மீறினார்” என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் கேட்க நிறையக் கேள்விகள் இருக்கின்றன. பிடியாணை இல்லாமல் உங்களைக் கைது செய்திருக்கலாமா என்பதும் பிரிவைப் பொறுத்ததுதான்.

அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டத்தை நாங்கள் துறைமுக ஊரில் இருந்துகொண்டு வாசித்தால் சீக்கிரம் விளங்கும். பம்பாயில் பிளேக் பரவிய காலத்தில், அது கப்பலேறி இங்கே வந்துவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்த சட்டம் அது. கப்பல், மாலுமி, சரக்கு, தடுத்து வைத்தல் என்பவற்றைச் சுற்றியே அதன் விதிகள் போகின்றன. ஒரு நாட்டு மக்கள் முழுப்பேரையும் மாதக்கணக்கில் வீட்டுக்குள் இருக்கச் சொல்லும் நிலைமையை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் 2020 மார்ச்சில் கொரோனாவை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர ஒரு வர்த்தமானி, சுகாதார விதிகளுக்கு இன்னொன்று, தகனத்துக்கு வேறொன்று என்று ஒட்டுப்போட்டபடி போக வேண்டி வந்தது. நாடு முழுவதற்குமான ஊரடங்கைப் பிறப்பிக்கத் தெளிவான வழி பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் இருக்கிறது. அதில் ஜனாதிபதியின் கட்டளை வேண்டும். 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு அந்த வழியால் வரவில்லை, அதற்குச் சட்ட அடிப்படை என்ன என்று சட்டத்தரணிகள் அப்போதே வெளிப்படையாகக் கேட்டார்கள். 2021 மே 21ஆம் திகதி தொடங்கிய உங்கள் பயணத்தடைக்கோ, மீறினால் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் கைது என்று பொலிஸார் அறிவித்தார்கள். அறிவித்தல் ஒன்று, சட்டம் இன்னொன்று. குற்றச்சாட்டில் இருப்பது எது என்பதுதான் உங்கள் வழக்கில் பேச வேண்டியது.

இதை எல்லாம் சொல்வதால் வழக்கை வருடக்கணக்கில் இழுத்துப் போராடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். விமானம் ஏற நாள் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அது உதவாது. குற்றச்சாட்டில் ஓட்டை இருந்தால் சட்டத்தரணி அதை முதலிலேயே எடுத்துச் சொல்வார், பொலிஸார் வழக்கைத் திருத்துவார்கள் அல்லது கைவிடுவார்கள். அதுவும் சரிவராமல், ஒப்புக்கொள்வதுதான் ஒரே வழி என்று வந்தால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவைக் கேளுங்கள். குற்றத்தின் தன்மை, ஆளின் வயது, முந்தைய நடத்தை, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்புப் பதியாமலே ஒருவரை விடுவிக்க நீதவானுக்கு அந்தப் பிரிவு இடம் தருகிறது. தாய்க்கு மருந்து வாங்கப் போன, முன்னர் எந்த வழக்கும் இல்லாத ஒருவருக்கு அதைக் கேட்க எல்லா நியாயமும் உண்டு. கிளினிக் கொப்பியில் அந்த மாதத்துப் பக்கம், பார்மசி பில் இருந்தால் அது, இரண்டையும் கையில் வைத்திருங்கள். சட்டத்தரணி கேட்காமலும் விடலாம், ஆகவே நீங்களே “306 கேட்க முடியுமா?” என்று கேளுங்கள்.

சிலர் “நாள் போனால் வழக்குத் தானாகச் செத்துவிடும்” என்று சொல்வார்கள். இலங்கையில் பொதுவாகக் குற்ற வழக்கு ஒன்றைத் தொடுக்க 20 வருடம்வரை இடமுண்டு. உங்களுடையது தொடுத்தாயிற்று, பிடியாணையும் பிறந்தாயிற்று. ஆகவே காத்திருந்து பயனில்லை.

சிங்களத் தாளில் வாங்கிய கையெழுத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்கள் கடிதத்தில் இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு அதிகம் உறைத்தது அதுதான். அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதி, வாசித்து விளங்கப்படுத்தாமல் ஒப்பம் வாங்குவது தவறு. இனி எப்போதாவது இப்படி வந்தால், “எனக்குத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள்” என்று மரியாதையாகக் கேளுங்கள். மறுத்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் “வாசித்துக் காட்டப்படவில்லை” என்று தமிழில் எழுதிவிட்டு வையுங்கள். அன்றைக்கு வைத்த கையெழுத்தை நினைத்து இப்போது மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. பொலிஸில் கொடுத்த வாக்குமூலம், நீங்கள் நீதிமன்றத்தில் முரணாகப் பேசினால் அதைக் காட்டத்தான் பயன்படும்.

கைது தவறு என்று உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போகும் வழி உங்களுக்கு மூடிவிட்டது. அதற்குச் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. திருகோணமலையிலேயே அதற்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இதை உங்களுக்காக எழுதவில்லை, இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஆத்திரம் ஆறட்டும், பிறகு பார்ப்போம் என்று இருக்கும்போதே அந்த ஒரு மாதம் போய்விடும்.

இனி உங்கள் மச்சானின் தேநீர்க் கடைக்கு வருகிறேன்.

கொரோனாக் காலத்தில் எங்கள் ஊர்களில் பி.எச்.ஐ.மார் பட்ட பாட்டை நான் நேரே கண்டிருக்கிறேன். ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு கொப்பியும் வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தனி ஆளாக ஓடினார்கள். ஆகவே மச்சானின் கடைக்கு வந்தவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்க மாட்டேன். ஆனால் சட்டம் வேறு கேள்வியைக் கேட்கிறது. அவர் சொன்னதற்குப் பின்னால் எந்த விதி நின்றது?

அந்தக் காலத்தில் மூன்று வகையான சொற்கள் ஒன்றோடு ஒன்று கலந்துபோயின. வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதி ஒன்று. சுகாதார அமைச்சு அனுப்பிய வழிகாட்டல் இன்னொன்று. அதிகாரி வந்து நின்று சொன்ன அறிவுரை மூன்றாவது. மீறினால் தண்டிக்கலாம் என்பது முதலாவதுக்குத்தான். மற்ற இரண்டையும் கேட்டு நடப்பது நல்லது, ஆனால் கேட்காதவரை அதற்காக மட்டும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2020 ஜூலையில், பொதுத் தேர்தல் நெருங்கிய நேரம், சுகாதார வழிகாட்டல்களை வர்த்தமானியில் வெளியிட்டுத் தங்களுக்குச் சட்ட அதிகாரம் தர வேண்டும் என்று கேட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் சங்கமே கொரோனாக் கடமைகளில் இருந்து விலகி நின்றது. சட்டம் பின்னால் இல்லாமல் மக்களிடம் போய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று வெளியே நின்று சனத்தோடு பேசியவர்களுக்குத்தான் தெரிந்தது. பிறகு 2020 ஒக்டோபர் 15ஆம் திகதி 2197/25ஆம் இலக்க வர்த்தமானி வந்தது. பொது இடத்தில் முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி, வேலைத்தளத்துக்கு வருபவரின் உடல் வெப்பம் பார்த்தல், கைகழுவ வசதி, வருபவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பதிதல் எல்லாம் அதில்தான் கட்டாயமாயின. கடை வாசலில் சங்கிலியில் பேனை கட்டி ஒரு கொப்பி தொங்கியது நினைவிருக்கும், அது அந்த விதிக்காகத்தான்.

இதன்படி பார்த்தால், மச்சானின் கடையில் கொப்பி இல்லை, கைகழுவ இடமில்லை என்று பி.எச்.ஐ. நடவடிக்கை எடுத்திருந்தால் அதற்கு விதி இருந்தது. கடையில் தொற்றாளர் ஒருவர் வந்து இருந்தார், ஆகவே வேலை செய்தவர்கள் தனிமையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதற்கும் தனிமைப்படுத்தல் விதிகளில் இடம் இருந்தது. இந்த இரண்டும் இல்லாமல், தெருவில் கடைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லியிருக்கிறது என்று மட்டும் வாயால் சொன்னால், எழுத்தில் கேட்டிருக்கலாம்.

ஆனால் தம்பி, இதைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. தொற்று உறுதியானவரும் அவரோடு நெருங்கிப் பழகியவரும் தனிமையில் இருக்க வேண்டும் என்று சுகாதார வைத்திய அதிகாரியோ பி.எச்.ஐ.யோ சொன்னால், “வர்த்தமானியைக் காட்டு” என்று வாசலில் நின்று வாதாட வேண்டாம். அந்த நேரத்தில் கட்டுப்படுங்கள், அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு நாளில் வீட்டு வாசலைத் தாண்டினால் பக்கத்து வீட்டு முதியவர் வைத்தியசாலைக்குப் போக வேண்டி வரலாம். கட்டளை பிழை என்றால் பிறகு கோர்ட்டில் பேசலாம், வருத்தம் பரவிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது. சொன்னவரின் பெயர், பதவி, வந்த நேரம், என்ன சொன்னார் என்பதை அப்போதே ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிட்டு, சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: “இன்ன திகதி இன்னார் கடையை மூடச் சொன்னார், எந்த ஒழுங்குவிதியின் கீழ், எத்தனை நாளுக்கு என்று எழுத்தில் தரவும்.” பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள். பதில் வந்தால் எதிலே நிற்கிறீர்கள் என்று தெரியும், பதில் வராவிட்டால் அந்தத் துண்டே பின்னால் உங்களுக்கு ஆதாரம்.

வர்த்தமானியில் வந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் மாவட்டத்தில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கொரோனாவால் இறந்தவர்களின் உடலைத் தகனம் செய்தே ஆக வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரல் 11ஆம் திகதி 2170/8ஆம் இலக்க வர்த்தமானியாக முறைப்படிதான் வந்தது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே சொல்லியிருந்தது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்கள் சிலரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 டிசம்பர் 1ஆம் திகதி அந்த மனுக்களை விசாரணைக்கு எடுக்கவே நீதிமன்றம் மறுத்தது. மையித்தை முகம் பார்த்துக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்க முடியாமல் குடும்பங்கள் தவித்தன, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. 2021 பெப்ரவரி 25ஆம் திகதிதான் விதி மாறியது. அதற்குப் பிறகும் சொந்த ஊர் மையவாடியில் இடமில்லை, இங்கிருந்து மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குத்தான் ஜனாஸாவைக் கொண்டு போக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

முறைப்படி வந்த விதியும் அநியாயமாக இருக்கலாம் என்பதை எங்கள் மாவட்டம் இப்படித்தான் அனுபவித்தது. ஆகவே விதி இருக்கிறதா என்ற கேள்வியோடு நிறுத்தக் கூடாது. நோயைத் தடுக்க அது உண்மையிலேயே தேவையா, ஒரு சமூகத்தை மட்டும் அழுத்துகிறதா என்றும் கேட்க வேண்டும். பொதுச் சுகாதாரத்துக்காக உரிமைகளை மட்டுப்படுத்தலாம் என்று அரசியலமைப்பின் 15(7)ஆம் உறுப்புரை சொல்கிறது. அதைச் சட்டத்தால் செய்ய வேண்டும் என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்ற 12ஆம் உறுப்புரையும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த தொற்று வருமுன், 1897ஆம் ஆண்டுச் சட்டத்தை இன்னும் ஒட்டுப்போடாமல் புதிதாக ஒரு சட்டம் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். யார் கட்டளையிடலாம், எவ்வளவு நாளுக்கு, எந்த மொழியில் எழுத்தில் தர வேண்டும், யாரிடம் மேன்முறையிடலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

மச்சானுக்கு இன்றைக்கே தேவைப்படக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொரோனா போனாலும் டெங்கு போகவில்லை. 2017 மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். டெங்குவுக்கு 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் என்று தனிச் சட்டமே இருக்கிறது. கடைப் பின்பக்கம் போத்தலிலும் டயரிலும் தண்ணீர் நிற்பதைக் கண்டு பி.எச்.ஐ. துப்புரவாக்கச் சொன்னால் அதற்குப் பின்னால் சட்டம் முழுதாக நிற்கிறது. தந்த நாளுக்குள் துப்புரவாக்கிவிட்டு, திகதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் பொலிஸ் ரிப்போட். வழக்கு முடிந்த அன்றைக்கே நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பித்து, பிடியாணை மீளப்பெற்ற கட்டளையினதும் இறுதிக் கட்டளையினதும் உறுதிப்படுத்திய பிரதிகளை எடுங்கள். ரிப்போட்டுக்குத் திரும்ப விண்ணப்பிக்கும்போது அவற்றையும் இணையுங்கள், ஏனென்றால் பொலிஸ் பதிவேட்டில் பழைய பிடியாணை உடனே அழிபடாமல் கிடப்பதுண்டு. படிவத்தில் “வழக்கு எதுவும் இருந்ததா” என்ற கேள்விக்கு இல்லை என்று எழுத வேண்டாம், நடந்ததை எழுதிப் பிரதியைக் காட்டுங்கள். ஏஜென்சிக்காரரிடமும் இப்போதே சொல்லி, விசாத் திகதிக்குக் கொஞ்சம் அவகாசம் கேட்டு வையுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், திருகோணமலையிலும் அவர்களுக்கு நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆஜராவார்கள். போகும்போது அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று, தவணைத் துண்டு, தனிமைப்படுத்தல் சான்றிதழ் நான்கையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு போங்கள்.